விழுந்த தென்னையில் கட்டிய ஏழு காம்பறா

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை. அப்போது என்னிடம் ஒரு கேத்தலையும் சில கோப்பைகளையும் தவிர வேறொன்றும் இல்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய ஒரு தொட்டி. இந்தக் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது என்று பெரிய மேசன்மாரே கையை விரித்த பிறகு கட்டினேன், இன்றுவரை நிற்கிறது. என் பெண்சாதிக்கு ஒரு கல்வீடு. சீமெந்துக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய காலம் அது. கடைசியாக, வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் தங்க வரிசையாக ஏழு காம்பறா, ஏழு அறை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால்தான் போனேன்.

இன்று ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைச் சுற்றி மாடிக்கு மேல் மாடி எழுப்பி, மின்விசிறி, குளியலறை எல்லாம் வைத்து மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். அந்த யோசனையே தங்களுக்குத்தான் முதலில் வந்ததாம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் பல்கலைக்கழகம் ஏது? ஆசிரியர் வேலைக்குப் படிக்க ஒரு கலாசாலை இருந்தது. அங்கே படிக்க இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகளுக்குப் படுக்க இடம் கிடைக்காது. சிலர் பள்ளிவாசல் விறாந்தையில் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. விடிந்து பார்த்தால் எங்கள் வளவில், அதாவது வீட்டைச் சுற்றிய காணியில், ஒரு தென்னைகூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துக் கிடந்தன. ஊரே திகைத்துப்போய்க் குந்தியிருந்தது. நானும் அன்று முழுக்க அப்படித்தான் இருந்தேன். அடுத்த நாள் எழும்பிப் போய் மரவேலை செய்கிற ஓடாவியைக் கூட்டி வந்து, விழுந்து கிடந்த மரங்களைக் காட்டினேன்.

"இதுல கூரைக்குக் கைமரம் அரியலாமா?"

ஓடாவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "தென்னையில வீடு கட்டப் போறீங்களா காக்கா? காத்து ஒங்கட மூளையையும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"வீடு இல்ல. படிக்கிற புள்ளயளுக்குக் காம்பறா."

"எதக் கட்டினாலும் இது தென்னதானே."

"ஒருக்கா விழுந்த மரம் ரெண்டாந்தரம் விழாது. நீ அரி."

அரிந்தார். காற்று வயல்வெளியில் கொண்டுபோய்ப் போட்ட நெளிந்த தகரங்களைச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, தார் வீதியில் விரித்து, மரச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தினேன். பழைய ஆணி ஓட்டைகளைத் தார் உருக்கி அடைத்தேன். வீதியால் போனவர்கள் சிரித்தார்கள். கூரை ஏறியதும் சிரிப்பு நின்றது. பிள்ளைகள் வந்தார்கள். காசு உள்ளவர் காசு தந்தார், இல்லாதவர் ஊரிலிருந்து நெல்லோ தேங்காயோ கொண்டு வந்தார். நான் போட்டது ஒரே ஒரு சட்டம்தான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கடற்கரை மணலில் குழைத்த சாந்து. ஆணி இறங்கினால் பொலபொலவென்று கொட்டிவிடும் என்று எனக்குப் பயம். சட்டையைக் கயிற்றில் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாம் காம்பறாவுக்கு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். வயல்காரக் குடும்பம், வாடகைக்கு நெல். ஆள் மெலிவு, ஆனால் வாய் இருக்கிறதே! மாரி பிறந்த நாளிலிருந்து காலையில் என் வாசலில் நிற்பார்.

"காக்கா, மழைக்குப் பாயெல்லாம் நனஞ்சி போச்சி. சட்டி ஒண்டு வெச்சன். சட்டியும் நிறஞ்சிட்டு."

"நிறஞ்சா ஊத்து மனே. கிணத்தடிக்குப் போற வேல ஒனக்கு மிச்சம்."

மற்ற அறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பட்டம் சட்டிக்காரன். கூரையில் ஏறி இன்னும் கொஞ்சம் தார் வைத்தேன். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்து ஓட்டை திறந்தது. அவரும் விடவில்லை. ஒழுகுது காக்கா, ஆணி ஒண்டு அடிக்கட்டா காக்கா, ஒழுகுது காக்கா. இரண்டு வருசப் படிப்பும் இப்படியே போனது.

அவர் படிப்பு முடித்துப் புறப்படுகிற நேரம், நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். என் பெண்சாதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க, நாளைக்குக் கடைக்குப் போகாதீங்க. வரிப்பத்தான்சேனையால ஆக்கள் வாறாங்க."

"என்னத்துக்கு? கூரைக்கு ஞாயம் கேக்கவா?"

"கூரைக்கு இல்ல. நம்மட மகளுக்கு."

வாளி கயிறோடு கிணற்றுக்குள் போய்விட்டது. எங்களுக்கு ஒரே மகள்.

"ஆரு மாப்பிள்ள?"

"மூணாம் காம்பறா."

"அந்தச் சட்டிக்காரனா!"

"மெல்லக் கதைங்க, உள்ளுக்குத்தான் இரிக்காரு. நான் ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். பொம்புளைகள் கிணத்தடியில நிண்டா இந்தப் பக்கம் வரமாட்டாரு. அரசாங்க உத்தியோகம். இவரை விட்டுட்டு எங்க போய்த் தேடப் போறீங்க?"

"எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியா?"

"சொன்னா, கூரைக்குக் குத்தம் சொன்னவன் எண்டுவீங்க."

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். வாளியை எடுக்கக் கொக்கி தேடப் போனேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் உம்மாவும் தாய்மாமனும் ஓர் அரிசி மூட்டையோடு வந்தார்கள். ஆண்கள் விறாந்தையில், பெண்கள் சீலைத் திரைக்குப் பின்னால். எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிடுவார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஆகவே கல்வீட்டை மகளுக்குத் தருவேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தாய்மாமன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் காம்பறா வரிசையும் சேத்திதானே மச்சான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது வேற, இது வேற மச்சான். காம்பறா நான் கட்டினது. எங்க ரெண்டு பேருக்கும் வயசு போற காலத்துக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து என் பெண்சாதியின் குரல் வந்தது. சண்டைக் குரல் இல்லை, உப்புப் போதுமா என்று கேட்பது போன்ற குரல்.

"காம்பறா எங்க நிக்குது?"

"எங்க நிக்கும்? நம்மட வளவிலதான்."

"வளவு ஆருட?"

நான் தாய்மாமனின் கோப்பையில் இன்னும் தேத்தண்ணி ஊற்றினேன். பதிலையும் அவளே சொன்னாள்.

"எங்கட உம்மா எனக்குத் தந்த வளவு. உம்மாக்கு அவங்கட உம்மா குடுத்தது. இனி மகளுக்கு. வளவுல நிக்கிறதும் அவளுக்குத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாப்பிள்ளையின் உம்மா உள்ளே சொன்னது எனக்குக் கேட்டது.

சூறாவளி அடித்த இரவில்கூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. அது வெளியில் அடித்தது. அந்த வளவில் எத்தனை வருசம் நடந்திருப்பேன்! எந்த மூலையில் எத்தனை முழத்தில் தண்ணீர் ஊறும் என்று எனக்குத்தான் தெரியும். சொந்தக் காலில் நிற்பவன் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கால் நின்றதோ மாமியின் மணலில். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. பிழை இருந்தால் ஒரு சத்தமாவது போட்டிருப்பேன்.

கலியாணம் நடந்தது. மகளும் மருமகனும் கல்வீட்டில். நாங்கள் காம்பறா ஒன்றுக்குப் போக வேண்டும். ஆறு அறைகளில் பிள்ளைகள் இருந்தார்கள், கலாசாலைச் சோதினை நெருங்கியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளையை எழுப்பிவிட நான் என்ன கல்நெஞ்சனா? காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. மருமகன் விட்டுப் போன மூன்றாம் காம்பறா.

பெட்டி படுக்கையோடு உள்ளே போனதும் தொப்பியைக் கழற்றினேன். மாட்ட இடமில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மருமகன் வாசலில் சுத்தியலோடு வந்தார்.

"மாமா, இப்ப ஆணி ஒண்டு அடிக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் அடித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் சாந்தில் ஒரு பொடிகூட உதிரவில்லை! விரலால் தட்டினேன், கல்லைப் போல இருந்தது. இத்தனை வருசமாக அந்தப் பிள்ளைகளைச் சட்டை மாட்ட விடாமல் வைத்திருந்தேனே, நான் கட்டிய சுவர் இவ்வளவு உறுதி என்று எனக்கே தெரியாமல்!

அடுத்த மாரிக்குக் கூரை ஒழுகியது. சட்டி வைத்தோம். காலையில் கல்வீட்டு வாசலிலிருந்து மருமகன் கேட்டார்.

"மாமா, சட்டி நிறஞ்சிட்டா?"

"நிறஞ்சா ஊத்துவன் மனே."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஒழுகத்தான் ஒழுகியது. விழவில்லையே!

எண்பதுகளில் நாட்டு நிலைமை கெட்டது. ஊரடங்கு போட்டால் பிள்ளைகளுக்கு ஊருக்குப் போக வழியில்லை. என் பெண்சாதி ஏழு அறைக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள், நான் கடையை மூடிவிட்டு விறகு கொத்தினேன். மருமகன் இரவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், அவர்களுக்கு அவர் மாஸ்டர். அதை நான் மறைக்கவில்லை. பிள்ளைகள் மாறி மாறி வந்தார்கள். மெல்ல மெல்ல இடத்தின் பெயரும் மாறியது. வண்டிக்காரனிடம் எல்லோரும் "மாஸ்டர்ர காம்பறா" என்றே சொன்னார்கள். நான் கேட்டும் கேளாதவன் போல இருந்தேன்.

பிறகு ஒரு நாள், அங்கே தங்கிப் படித்து ஆசிரியர்களானவர்கள் கூட்டமாக வந்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை. என் மருமகனின் பெயர் எழுதிய அழகான மரப்பலகை வேறு. ஒருவர் மைக்கைப் பிடித்து, "வெறும் மணலிலே எங்களுக்காக இந்த அறைகளை எழுப்பித் தந்த மாஸ்டர் அவர்களே" என்று தொடங்கினார்.

காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். பின்வரிசையிலிருந்து எழும்பி நின்றேன்.

"தம்பி, அவர் எழுப்பல்ல. அவர் ஒழுகுது எண்டவர்."

பந்தல் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. பகிடி என்று நினைத்துவிட்டார்கள்! பக்கத்தில் இருந்த புது வாத்தியார் என் கையைப் பிடித்து மரியாதையாக உட்கார வைத்தார். "நீங்களும் இஞ்சதான் தங்கிப் படிச்சீங்களா? எந்த வருசம்?" என்று கேட்டார்.

அவர் ஒரு சோடாவை உடைத்து என் கையில் தந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு மருமகன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "நான் சொல்லத்தான் எழும்பினன் மாமா, மைக்க வாங்கிட்டாங்க." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் பலகை வாசலில் ஏறிவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் இன்று அதிபர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மருமகனின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. வளவு பெண்களுடையது என்பதையும் எழுதுங்கள், அது உண்மை. ஆனால் விழுந்த தென்னையை அரிந்து கைமரம் போட்டவன் நான். தகரத்தை வீதியில் போட்டு அடித்தவன் நான். கட்டியவன் இன்னான் என்று இன்னொரு பலகை எழுதிக்கொண்டு வாருங்கள். என் பெயர் தெரியாவிட்டால் சந்தையில் கேளுங்கள், சொல்வார்கள். மாட்ட இடம் தேட வேண்டாம். மூன்றாம் காம்பறாச் சுவரில் ஆணி இருக்கிறது. தாங்கும்.