பீர் நிறத்தில் ஒரு பனியன்

பெல்ஜியத்தில் வேலை பார்த்த இரண்டு வருடமும், குடித்த பீர்களுக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு இந்த வலைப்பூவில் எழுதிவந்தேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். கோவைக்குத் திரும்பிய பிறகு எழுத ஒன்றும் இல்லை. அப்போதுதான் திருப்பூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. “ஐயா, எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் என்னிடம் மூன்று பாட்டில் பீர் இருக்கிறது. தாங்கள் வந்து குடித்துக் கொடுக்க வேண்டும்.”

விளையாட்டு என்று நினைத்து அதிலிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் சண்முகசுந்தரம், வேலம்பாளையத்தில் சிறிய சாயப்பட்டறை வைத்திருப்பவர். பெல்ஜியத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு குட்டி பீர் ஆலை, தங்கள் மூன்று பீர்களின் நிறத்திலேயே டி-ஷர்ட் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. நிறம் பார்க்க, வகைக்கு இரண்டாக ஆறு பாட்டில்களை ஆள் மூலம் அனுப்பியும் இருக்கிறார்கள். சாயம் போட்ட துண்டுத் துணியை அனுப்பிச் சம்மதம் வாங்குவதற்கு இங்கே ‘லேப் டிப்’ என்று பெயர். இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் “இது எங்கள் பீர் இல்லை” என்று பதில் வந்துவிட்டது. மூன்றாவதுதான் கடைசி. இதுவரை மற்றவர்களின் துணிக்குச் சாயம் போட்டே பிழைத்தவருக்கு நேரடியாக வந்த முதல் ஆர்டர் இது.

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை காலை 7.50க்கு காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். அவிநாசி வழி, ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் பதினாறு ரூபாய். மடியில் மூன்று பீர் கோப்பைகள், துண்டில் சுற்றி. 9.25க்குத் திருப்பூர் பழைய பேருந்து நிலையம். வேலம்பாளையத்துக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசவில்லை.

“பனியன் எடுக்க வந்தீங்களாங்க?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைங்க, பீர் குடிக்க.”

கண்ணாடி வழியாக என்னை நன்றாகப் பார்த்தார். “ஏனுங்க, கோயமுத்தூர்ல கடையே இல்லீங்களா?”

சண்முகசுந்தரம் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. அன்று கிருத்திகை, அவருக்கு விரதம். “நீங்க உள்ள குடிங்க. நானு வெளிய நிக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். ஆய்வகம் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுவரில் முருகன் காலண்டர். அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. எனக்காகத்தான்.

உள்ளே ஜெசிந்தா இருந்தார். தெற்கே நாசரேத் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். இப்போது திருப்பூர் மண்ணரையில் குடியிருக்கிறார். நிராகரிக்கப்பட்ட இரண்டு துணிகளுக்கும் சாயம் கலந்தவர் அவரே. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. “ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாவ சார். எங்க தப்புன்னு எனக்குப் புரியல.”

முதல் மூன்று பாட்டில்களை எதில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். ஆய்வகக் குடுவையில். எப்படி ஊற்றினீர்கள்? அடியில் வண்டல் இருந்ததால் தெளிந்ததை மட்டும் இறுத்து ஊற்றியிருக்கிறார். பாதித் தப்பு அங்கேயே தெரிந்தது. முதலாவது கோதுமை பீர், அதற்கு அந்த வண்டல்தான் உயிர். பாட்டிலை மெல்ல உருட்டி, கலக்கி, கோப்பையில் ஊற்றினேன். அரிசி களைந்த நீரில் மஞ்சள் கரைத்த மாதிரி ஒரு மங்கல் வந்தது. “கலங்கித்தான் இருக்கணுமா!” என்றார் ஜெசிந்தா. உடனே நோட்டை எடுத்தார்.

கிராம்பும் வாழைப்பழமும் கலந்த மணம், நாக்கில் லேசான புளிப்பு. பத்துக்கு ஏழரை. இரண்டாவது செம்பழுப்பு. வறுத்த தானிய வாசனை நன்றாக இருந்தது, ஆனால் முடிவில் கசப்பு தடித்துவிடுகிறது. ஆறு. ஒவ்வொன்றிலும் பாதிதான் குடித்தேன். மீதி, நிறம் ஒப்பிட.

கோப்பையின் விளிம்பில் ஒரு நிறம், வயிற்றில் ஒரு நிறம் தெரிந்தது. ஜெசிந்தா கோப்பையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “சார், நீங்க குடிக்கதுக்கு முன்னாடி எந்த எடத்தப் பாப்பிய?”

எத்தனையோ பீருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன், இதை யோசித்ததே இல்லை. கோப்பையைக் கையில் எடுத்தேன். கை தானாக ஜன்னல் பக்கம் போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நடுப்பகுதியைப் பார்த்தேன். “அப்ப அந்த எடந்தான் துணியில வரணும்” என்றார் அவர்.

மூன்றாவது, கறுப்பு பீர். மூடியைத் திறந்ததும் சீறியது. பாட்டில் வெயில் படும் அலமாரியில் இருந்திருக்கிறது, தொட்டுப் பார்க்காமல் திறந்தது என் மடத்தனம். நுரை என் சட்டையில், மேசையில், தரையில். நான் கட்டைவிரலால் அடைப்பதற்குள் முக்கால் பாட்டில் போய்விட்டது. வேறு பாட்டில் கிடையாது. சத்தம் கேட்டு சண்முகசுந்தரம் வாசலுக்கு வந்தார். தரையைப் பார்த்தார். “போச்சுங்களா?” என்றார். பாட்டிலில் மிஞ்சியதைக் கோப்பையில் ஊற்றினேன்.

கோப்பையில் மூன்று விரல் உயரத்துக்கு நுரைதான் நின்றது. ஜெசிந்தா அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நுரை அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அடியில் ஒரு விரல்கடை பீர்.

“மொதலாளி, இங்க வாங்களேன். இது கறுப்பே இல்ல. செவப்பு.”

விரதக்காரர் விரதத்தை மறந்து உள்ளே வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நிறையக் கோப்பையில் கரியாகத் தெரிவது, அந்தக் கொஞ்சத்தில் வெயில் புகுந்ததும் மாதுளைச் சிவப்பாக எரிந்தது. இந்தப் பீருக்கு முன்பு அனுப்பிய இரண்டு துணியும் காப்பிக் கறுப்பு. “அதான் இது எங்க பீர் இல்லன்னு எழுதியிருக்காவ” என்று ஜெசிந்தா தனக்குள் சொல்லிக்கொண்டார். கோப்பையை முகர்ந்து பார்த்து, “கருப்பட்டிக் காப்பி வாசம்லா வருது” என்றார்.

குடித்துவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆகவே நான் அதைத் தொடவில்லை. பதினொன்றரைக்கு ஜெசிந்தா சாயம் கலக்க ஆரம்பித்தார். முதல் சுற்றுத் துணி ஒன்றரைக்கு வந்தது. மஞ்சள் சரி, மற்ற இரண்டும் இல்லை. அவர் சாப்பிடப் போகவில்லை. நாங்கள் இருவரும் தெருமுனை மெஸ்ஸுக்குப் போனோம். சண்முகசுந்தரத்துக்கு மோர் மட்டும், எனக்கு முப்பது ரூபாய்ச் சாப்பாடு. “நானா இருந்தா அந்த ஒரு விரல் பீரைக் கொட்டிருப்பனுங்க” என்றார். 

நாலு மணிக்கு இரண்டாவது சுற்று. மூன்று துணிகளையும் ஜன்னலில், கோப்பைகளுக்குப் பக்கத்தில் பிடித்தோம். இந்த முறை மூன்றும் ஒத்திருந்தன. பிறகு சண்முகசுந்தரம் காலண்டர் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு, மூன்று துண்டுகளையும் முருகன் முன்னால் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். ஐந்து மணி கூரியரில் அவை போயின. வெதுவெதுப்பாக, நுரை செத்துக் கிடந்த அந்த ஒரு விரல் பீரை அப்புறம்தான் குடித்தேன். அதற்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை, போடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இந்த மாதிரி சிறு ஆலை பீர் திருப்பூரில் எந்தக் கடையிலும் கிடைக்காது, அதைத் தேடிப் போகாதீர்கள். யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால், பாட்டிலை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், திறப்பதற்கு முன் நன்றாகக் குளிர வையுங்கள். கோப்பையையும் கையோடு கொண்டுபோங்கள். கோவைக்குத் திரும்ப அடிக்கடி பஸ் உண்டு. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் மாலை ஆறுக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது, நான் அவிநாசி வரை நின்றேன். போகவரச் செலவு மட்டும், ஆட்டோவோடு சேர்த்து, நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

ஒரு விஷயம் எனக்குப் புதிதாகப் பழகியிருக்கிறது. எதைக் குடித்தாலும், டீயாக இருந்தால்கூட, ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். இத்தனை வருடம் நாக்கை மட்டும் நம்பி மதிப்பெண் போட்டவன் நான்.

இதை எழுதி வைத்துப் பத்து நாள் ஆகிறது. முடிவு தெரியாமல் வெளியிட மனம் வரவில்லை. இன்று காலை சண்முகசுந்தரம் கூப்பிட்டார்.

“மூணும் பாஸுங்க. கறுப்பு பீர்த் துணிக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதியிருக்காங்க, இத யாரு கண்டுபுடிச்சாங்கன்னு. ஜெசிந்தா பேரை எழுதி அனுப்பிட்டனுங்க.”

ஜெசிந்தாவிடம் கொடுங்கள், வாழ்த்துச் சொல்கிறேன் என்றேன்.

“இப்பப் பேச முடியாதுங்க. புள்ள அழுவுது. ஏங்கண்ணுன்னு கேட்டா, கண்ணுல சாயம் பட்டுருச்சுங்குது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு நாங்க இன்னும் சாயமே கலக்கலீங்க.”