அத்தை ஒளித்து வைத்த பூரிக்கட்டை

அத்தையின் பாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவில்பட்டியில் அப்பா கடலைமிட்டாய் போட்டு விற்றுவந்தார். பாகும் கடலையும் பலகையில் விழுந்ததும், ஆறுவதற்குள் கட்டையால் தேய்த்துச் சமப்படுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. உடனே அவருடைய தங்கை, என் அத்தை, பசுவந்தனையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். சோறு ஊட்டுவது, சட்டைக்குப் பித்தான் போடுவது, வாய் துடைப்பது எல்லாம் அவள்தான். ஊட்டுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வேறு வைத்தாள். சொந்தக்காரர்கள் உருகிப்போனார்கள். பாசம் என்ற பெயரில் முழு ஆளைப் பொம்மையாக்கி உட்கார்த்தி வைத்திருந்தாள். அம்மாவுக்கு அடுப்படி மட்டும் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அக்கா ஒருத்தி வருவாள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது என்று அன்றாடக் காரியங்களை நோயாளி தானே செய்யப் பழக்குவது அவள் வேலை. இனி யாரும் ஊட்டக் கூடாது, வலது கை தேறும்வரை இடது கையால் சாப்பிடட்டும் என்றாள். அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். பீச்சாங்கையால் சோறு தின்றால் வீடு விளங்குமா?

அக்கா விடவில்லை. அப்பாவின் தொழிலை விசாரித்து, பிசைந்த கோதுமை மாவையும் பூரிக்கட்டையையும் அவர் முன்னால் வைத்து, இரண்டு கையாலும் தேய்க்கச் சொன்னாள். கட்டை கோணலாக ஓடியது. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கண் கலங்கியது. எனக்கு அந்த அக்காவைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

“கடையில ராசாவா நின்னவிய. அவியள பூரிக்கட்டை உருட்ட வைக்குதியளே, நல்லாருக்கா?” என்றாள் அத்தை. அக்கா கிளம்பியதும் கட்டையைப் பரணில் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா அந்தக் கட்டையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அத்தை அதைக் கண்டுகொள்ளாமல் ரசஞ்சோற்றை உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனாள். அப்பா இடது கையால் ஓங்கித் தட்டிவிட்டார். தட்டு சுவரில் போய் மோதியது.

“ஏட்டி, கட்டைய எங்க வச்ச? நான் என்ன பச்சப்பிள்ளையா?”

குழறலாகத்தான் வந்தது. ஆனால் தெருவரைக்கும் கேட்டது. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, எல்லாம் அந்த அக்காவால்தான் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா சிதறிய சோற்றைக்கூடக் கூட்டாமல், ஸ்டூலைப் போட்டுப் பரணில் கட்டையைத் துழாவிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் இவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்க, அம்மாவுக்கு எதற்கு அத்தனை சந்தோஷம் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.