மூன்றாம் குரல் ஹோரஸ்

எங்கள் நால்வர் குழுவில் மெட்டைப் பாடுவது ரூஃபஸ். உச்சத்தில் கிளைட், அடியில் நான். நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்கிற மூன்றாம் குரல் வேலை ஹோரஸ் டில்மனுக்கு. அவன் பாடுவதைத் தனியாகக் கேட்டால் அது எந்தப் பாட்டென்று ஒருவருக்கும் பிடிபடாது. அவன் இல்லாத அன்று எங்கள் பாட்டு பல் போன வாய்தான்.

இண்டியானாபோலிஸில் எங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. இசைத்தட்டு போட்டோம். வருஷத்தில் பாதி நாள் பஸ்ஸிலேயே கழிந்தது. கல்லூரிப் பையன்கள் எங்களைப் போலவே ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடிப் பார்த்தார்கள். தட்டைத் தேயத் தேயக் கேட்டும் ஹோரஸின் ஸ்வரங்கள் மட்டும் அவர்களுக்குச் சிக்கவில்லை. எனக்கு அதில் அற்ப சந்தோஷம்.

அவன் மனைவி வெர்னெலுக்கு ஒரே ஒரு மனக்குறை. மீனை வறுத்துக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"ஊருக்கெல்லாம் பாடுற. நாம மொத மொதல்ல ஆடின பாட்டை எனக்குன்னு தனியாப் பாடினியா?"

"கல்யாண நாள் வரட்டும்டி."

"எந்த வருஷக் கல்யாண நாளு? எல்ரிட்ஜ், நீயே கேளு இந்த ஆளை."

நான் என் தட்டை நீட்டினேன், எனக்கு மீன் முக்கியம்.

பிப்ரவரியில் வெர்னெல் நிமோனியாவில் போய்விட்டாள். சர்ச்சில் ஹோரஸ் எங்களைத் தடுத்தான்.

"யாரும் கூடப் பாடக் கூடாது. இது நான் அவளுக்குக் குடுத்த வாக்கு."

சவப்பெட்டி அருகே நின்று, அவர்கள் முதன்முதலில் ஆடிய, நாங்களும் மேடையில் பாடுகிற அந்தப் பாட்டைத் தொடங்கினான். வந்தது மெட்டல்ல, அவனுடைய மூன்றாம் குரல். நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். மறுபடியும் அதே. எத்தனையோ வருஷம் அதையே பாடிய தொண்டைக்கு வேறு வழி தெரியவில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூஃபஸ் எழப்போனான், நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஹோரஸ் அழுதுகொண்டே கடைசிவரை பாடினான். என் வாழ்நாளில் அதைப் போன்ற கொடுமையை நான் கேட்டதில்லை.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹோரஸ் தட்டைத் தொடவில்லை.

"கெடுத்துட்டேன்டா. அவளுக்கு என்ன பாட்டுன்னே தெரிஞ்சிருக்காது."

அவன் மகள் டெல்ஃபின் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொல்ற? நீ ஊர்ல இல்லாதப்பல்லாம் அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே இன்னைக்கு நீ பாடின இதத்தானே, இதே மாதிரி பாடுவாங்க. நீ சவரம் பண்றப்போ பாடுறதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாயிடுச்சாம்."

ஹோரஸ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"அவ பாடுவாளா?" என்றான்.