ஆயுத பூசைக்குக் கொண்டுபோன டிராக்டர்

அந்த டிராக்டர் என்னுடையது. இத்தனை வருஷம் கழித்தும் அதைத்தான் சொல்வேன்.

மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பிட்டராக இருந்தேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எந்த இயந்திரம் நின்றுபோனாலும் ஓடவைப்பது என் வேலை. ஸ்டோருக்குப் பின்னால், விறகுக் குவியலை ஒட்டி, மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டிராக்டர் ஒன்று மூன்று நான்கு மழைக்காலமாகச் சேற்றில் கிடந்தது. தோட்டத்தை நடத்திவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரையிடம் அதைக் கேட்டேன். "அது குப்பை. நீ கொண்டு போ," என்றார். பெரிய கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆறு பேர் கயிறு போட்டு இழுத்து, லயம் என்னும் எங்கள் வரிசை வீடுகளில், கடைசி அறையான என் கோடிக் காம்பராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். தலைக்கு மேல் நாலு தகரம் போட்டேன். "ஏரா உழப் போறீங்க, தேயிலை மலையில?" என்று கேலி செய்யாத ஆளில்லை. எனக்கு உழவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். படுக்கிற காம்பரா தோட்டத்துடையது, கூரைத் தகரம் தோட்டத்துடையது, கையில் பிடிக்கிற ஸ்பானரும் தோட்டத்துடையது. என்னுடையது என்று சொல்ல ஒரு இயந்திரம் வேண்டும், அதை நான் ஓடவைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு டிராக்டர்தான். பிஸ்டன்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊற்றி, தட்டித் தட்டி, ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அசைந்தன. ரிங்குகளை அட்டன் டவுனில் பழைய லொறி உடைக்கிறவரிடம் பொறுக்கி எடுத்து அரத்தால் ராவினேன். எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கச் செப்புத்தகடு எங்கும் கிடைக்கவில்லை. என் மனைவி தன் கல்யாணச் சீராக வந்த செப்புக்குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அடியில ஓட்டைங்க, எடுத்துக்கங்க," என்றாள். ஓட்டை ஒன்றும் இல்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு காலை அது ஓடியது. ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியை முழுச்சுற்றுச் சுற்றக்கூடாது. சுற்றினால் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். காற்றை அடைத்து இரண்டு இழுப்பு, பாதி திறந்து கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. லயமே வெளியே வந்து பார்த்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அடுத்து வந்தது ஆயுத பூசை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, லொறி எல்லாவற்றையும் ஸ்டோர் முற்றத்தில் வரிசையாக வைத்துச் சந்தனம் பூசுவது எங்கள் வழக்கம். என் டிராக்டருக்கு மட்டும் பூசை வேண்டாமா? பெருமை பிடரியைப் பிடித்துத் தள்ள, நானே ஓட்டிக்கொண்டு போய் லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கொழும்பிலிருந்து வந்திருந்த புதுத் துரை அதற்கும் மாலை போட்டார். பூசையில் வைத்ததை மறுநாள் வரை அசைக்கக்கூடாது என்பதால் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் டிராக்டரை லொறிக் கொட்டகைக்குள் தள்ளி வைத்திருக்கிறார்கள். கதவில் பூட்டு.

"பூசையில நின்னதெல்லாம் தோட்டத்துச் சாமான் பிட்டரு," என்றார் பெரிய கணக்கப்பிள்ளை. "தொரை கையால மாலை விழுந்திருச்சு. இனி என்னா பேச்சு?"

"பழைய தொரை எனக்குக் குடுத்தப்ப நீங்க பக்கத்துலதானுங்களே ஐயா நின்னீங்க?"

"எனக்கு ஞாபகமில்லையே. கடதாசி ஏதும் இருக்கா?"

கடதாசி! அந்த வருஷங்களில் எங்களிடம் எதற்குத்தான் கடதாசி கேட்கவில்லை? பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது, இதே லயத்தில் பிறந்த என் அப்பா இங்கேதான் பிறந்தார் என்பதற்கும் கடதாசி கேட்டார்கள். பிறந்ததற்கே இல்லாதவன் டிராக்டருக்கு எங்கே போவேன்? என்ன நியாயம் இது? சந்தனம் பூசியது நான், உயிர் கொடுத்தது நான், மாலை போட்டவருக்குச் சொந்தமாம்.

இனி அதைத் தொடமாட்டேன் என்று மனைவியின் முன்னால் சத்தியம் செய்தேன். பிடிவாதமாகத்தான் இருந்தேன். ஒரு வாரம் லொறி டிரைவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் இருமியதோடு சரி. நான் ஸ்டோருக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அற்ப சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

எட்டாம் நாள் காலை அவர்கள் தோட்டத்துக் கொல்லரைக் கூட்டிவந்தார்கள். அவர் எஞ்சின் தலையைக் கழற்ற உளியையும் சுத்தியலையும் எடுத்தார். முதல் அடி விழுந்த சத்தம் கேட்டது. நான் எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. "விடுங்க, விடுங்க!" என்று கத்திக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். காற்றை அடைத்தேன். இரண்டு இழுப்பு. பாதி திறந்து ஒரே இழுப்பு. டிராக்டர் ஓடத் தொடங்கியது.

லொறி டிரைவர் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டு, "ஆறு மணிக்கு டிராக்டரை ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கணும், தினமும்," என்றார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் மாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. தினமும் போனேன்.