மாயவன் வூட்டு உப்பு

காலைல கண்ணு முழிச்சதும் மாயவன் கடலப் பாக்கறதில்ல, தன் காலத்தான் பாப்பாரு. கட்டவெரலால முழங்காலுக்குக் கீழ ஒரு அமுக்கு. எடுத்தா குழி வுழும். "போன ஐப்பசில இதுல ஒரு நண்டு பொண்டாட்டியோட குடித்தனம் பண்ணிருக்கும். இப்ப கொசுதான் உக்காரும் போல"ன்னு தானே சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சா மூச்சு வாங்கும். அதனால பாதிச் சிரிப்போட நிறுத்திக்குவாரு.

மாமல்லபுரத்துக்குத் தெக்க அந்தக் குப்பமே மீன் புடிக்குது, மாயவன் கருவாடு போடறாரு. அறுத்த மீன உப்போட தொட்டில அடுக்கி, ஊறுன தண்ணில ஒரு வெரல வுட்டு நக்குவாரு. "இன்னும் ரெண்டு கை." அவ்ளோதான் அவரு கணக்கு. கொறஞ்சா புழு, கூடுனா கசப்பு. திருக்கழுக்குன்றம் சந்தைல அவரு கூடையத் தொறந்தா, மலைக்குப் பொங்கல் துன்ன வர்ற கழுகே வழி மாறி எறங்கிடும்.

அந்த ஐப்பசிலதான் செங்கல்பட்டு டாக்டரு அவரு நெஞ்சுல கொழாய வெச்சுக் கேட்டாரு. "இதயம் களைச்சுப் போச்சு. உப்பே கூடாது. தண்ணியும் அளவாத்தான். இல்லேன்னா கால்ல நிக்கிற நீர் நெஞ்சுக்கு ஏறிடும்."

"உப்புதான சார் வாணாம்? கருவாடு துன்லாமில்ல?"

டாக்டரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினே இருந்தாரு.

அன்னியிலேந்து அவரு பொண்டாட்டி வச்சலா, வூட்டு உப்ப முந்தானைல முடிஞ்சு வெச்சிக்கினா. கேவுரு கூழு, வேவிச்ச கத்திரிக்கா, புது மீனு, எதுலயும் ஒரு கல்லு கெடையாது. எலுமிச்சம்பழம் புழிஞ்சு, மொளகு தட்டிப் போட்டு நாக்க ஏமாத்துவா. தொட்டித் தண்ணியையும் இனிமே அவதான் நக்கிப் பாக்கணும், அவரு வெரலு அதும் பக்கமே போவக்கூடாது.

"உனுக்கு ஏண்டி பத்தியம்?"

"நீ துன்றததான்யா நானும் துன்னுவேன்."

அதுல மாயவனுக்கு ராஜாப் பெருமை. குப்பத்துல ஒருத்தர் வுடாம சொன்னாரு.

மூணு மாசத்துல வீக்கம் வத்திச்சு. உக்காந்துகினே தூங்குன மனுசன் காலு நீட்டிப் படுத்தாரு.

அப்பதான் அந்த வாளை மீனு வந்துச்சு. வச்சலா தொட்டில வெரல வுட்டு நக்கி மூஞ்சச் சுளிச்சா. "அய்ய, கரிக்குது. போதும்." அஞ்சாம் நாளு, வாங்கிப் போன யாவாரி ராஜாராம் கூடையத் திருப்பித் தூக்கினு வந்தான். புழு வெச்சு, கருவாடே உள்ள நடந்துகினு கீது.

"இன்னா அண்ணாத்த, கருவாட்டுக்குக் காலு மொளச்சிருச்சா? இன்னொரு தபா இப்டி வந்தா நான் வேற குப்பம் பாத்துக்குறேன்."

அவன் போனதும் மாயவன் சொன்னாரு. "உப்பில்லாம துன்னு துன்னு உன் நாக்கும் என் நாக்கும் கொழந்த நாக்கா பூடுச்சுடி. பச்சத் தண்ணியே கரிக்குது. நான் உப்பு துன்னாத்தான் இனிமே தொழிலு."

"துன்னு. துன்னுட்டு நெஞ்சுல தண்ணி ஏறிச் சாவு."

"தொழிலு போனா மட்டும் பொயச்சிக் கெடப்பனா?"



மத்தியானம் வச்சலா ரெண்டு சட்டில கூழு ஊத்துனா. ஒண்ண அவரு பக்கம் தள்ளிவுட்டா. முந்தானை முடிச்சப் பல்லால இழுத்து அவுத்தா. மாயவன் சட்டிய நீட்டுனாரு.

அவ தன் சட்டில நாலு கல்லு போட்டுக் கலக்குனா. அவரு நீட்டுன சட்டி நீட்டுனபடியே நிக்க, அவருக்கு முதுகக் காட்டித் திரும்பி உக்காந்து, மடக்கு மடக்குன்னு குடிச்சா.