கேளாமல் எடுத்த சவ்வு

ராஜபாளையத்தில் எண்பதுகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு டாக்டரம்மாவின் முகம் மறந்திருக்கும், ஆயா தங்கபாயின் வாய் மறந்திருக்காது. திட்டியே பிரசவம் பார்ப்பாள். "கத்துற மூச்சுல முக்குடி" என்பதுதான் அவள் சொல்லும் ஆறுதல். அப்பேர்ப்பட்டவள், மாம்பழக் காலம் வந்தால் வாயடைத்துப்போவாள். வத்திராயிருப்பிலிருந்து வருஷா வருஷம் அவளுக்கு ஒரு கூடை பழம் வரும். ஒன்றைக்கூடத் தொடாமல் எங்கள் தெருவுக்கே கொடுத்துவிடுவாள். நாங்களும் ஏன் என்று கேட்காமல் தின்றோம். ஓசிப் பழத்துக்கு யார் காரணம் கேட்பார்கள்?

கூடையை அனுப்பியவள் அழகுத்தாய். முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலேயே பிறந்து, தங்காமல் போனதால், மூன்றாவது பிரசவத்துக்கு 1986-இல் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூட வந்த மாமியார் வெள்ளத்தாய் புது மண்சட்டியும் மஞ்சளும் எடுத்து வந்திருந்தாள். நஞ்சுக்கொடியைச் சட்டியில் வைத்துக் கொல்லையில் புதைப்பது அவர்கள் வழக்கம். அதில் கொஞ்சம் குறைந்தாலும் பிள்ளை நிலைக்காது என்று நம்பினார்கள்.

"முந்துன ரெண்டு வாட்டியும் முழுசாக் கெடைக்கல. இதையாவது கொறையில்லாமக் குடு தாயி," என்றாள் வெள்ளத்தாய்.

"அதுக்கு நான் பொறுப்பு. செத்த நேரம் பேசாம இருங்க," என்றாள் தங்கபாய்.

அந்த வாரம்தான் தங்கபாயின் அண்ணன் மகள் ஜெயபாய், தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது கை தோள்வரை வெந்துபோயிருந்தது. நஞ்சுக்கொடியோடு ஒட்டிவரும் பனிக்குடச் சவ்வைச் சுத்தம் செய்து புண்ணின்மேல் போர்த்தினால் வலி அடங்கும், அடியில் புதுத் தோல் வளரும் என்று அங்கே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் தவசிமுத்து மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஜாடியோடு ராஜபாளையத்துக்கு ஓடி வந்திருந்தார்.

"குப்பைக்குப் போறதுதானே, எடுத்துக்கோ. இதுக்கெல்லாம் யாரைக் கேக்கணும்?" என்றார் டாக்டரம்மா. ஆனால் அன்றைக்கு அங்கே பிறந்தது ஒரே பிள்ளை, அழகுத்தாயின் பெண்.

கேட்டிருக்கலாம். அழகுத்தாய் கண் விழித்துப் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். ஆனால் மாட்டேன் என்று விடுவாளோ என்று தங்கபாய்க்குப் பயம். மாட்டேன் என்ற பிறகு எடுத்தால்தானே திருட்டு, கேட்கவே இல்லை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சவ்வை உரித்து ஜாடியில் போட்டு அண்ணனை பஸ் ஏற்றினாள். மிச்சத்தைச் சட்டியில் வைத்து, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியால் வாயைக் கட்டி வெள்ளத்தாயிடம் நீட்டினாள்.

"முழுசா இருக்கு. பிரிச்சுப் பாக்காதிய."

ஜெயபாயின் கை தேறியது. நாச்சியார் என்று பெயரிட்ட அந்தப் பிள்ளையும் கொழுகொழுவென்று வளர்ந்தது. எல்லாம் உன் கைராசி என்று அழகுத்தாய் கூடை அனுப்பத் தொடங்கினாள். அதுதான் தங்கபாயைக் கொன்றது. நாச்சியாருக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தால் சோறு இறங்காது. சட்டியாவது புதைப்பதாவது, எல்லாம் மூடத்தனம் என்று எங்களிடம் சொல்வாள். சொன்ன கையோடு சர்ச்சுக்குப் போய் அந்தப் பிள்ளைக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

1996-இல் வெளியூர் டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பேசினார். தொப்புள்கொடி ரத்தத்தில் மூலச் செல்கள் இருக்கின்றன, அவற்றால் நோயாளியின் உடம்பில் புது ரத்தம் ஊறச் செய்ய வெளிநாட்டில் தொடங்கிவிட்டார்கள் என்றார். எல்லோரும் வாய்பிளந்து கேட்டார்கள். தங்கபாய்க்கு அவர் கடைசியாகச் சொன்னதுதான் உறைத்தது.

"குப்பைன்னு நினைச்சுடாதீங்க. அது தாயோட உடம்பிலேருந்து வர்றது. அவங்களைக் கேக்காம எடுக்கக்கூடாது."

அந்த ஆடிப்பூரத்துக்கு ஜெயபாயையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். அழகுத்தாய் மகளோடு தேர் பார்க்க வருவாள் என்று தெரியும். ரதவீதியில் ஒரு கடை நிழலில் அவளை நிறுத்தி, போட்டு உடைத்துவிட்டாள்.

"அழகு, அன்னைக்குச் சட்டியில முழுசா இல்ல. மேச்சவ்வ நான்தான் உரிச்சு எடுத்தேன். இவ கைக்காக."

அழகுத்தாய் முதலில் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு ஜெயபாயின் வலது கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"இது எம்பிள்ளையோட தோலா?"

"இல்லக்கா. அது காஞ்சு உதுந்துருச்சு. அடியில வளந்தது என்னோடதுதான்," என்றாள் ஜெயபாய்.

"ரொம்ப வலிச்சுச்சாம்மா?"

"அதப் போத்துன பொறவுதான் தூங்குனேன்."

அழகுத்தாய் தங்கபாயைப் பார்த்தாள். "என்னையக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"மாட்டேன்னுருவியோன்னு..."

"ரெண்டு பிள்ளைய மண்ணுல வச்சவ நான். இன்னொருத்தி பிள்ளை வேகுதுன்னா மாட்டேன்பேனா? அத நீயா முடிவு பண்ணிக்கிட்ட."

கத்தியிருந்தால் தங்கபாய் சமாளித்திருப்பாள். கத்துகிறவர்களோடு அவளுக்குப் பழக்கம் உண்டு. அழகுத்தாய் கத்தவில்லை. ஜெயபாயின் கையை விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தேர்க்கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் தங்கபாயின் திட்டு குறைந்துபோனது. பிரசவமான பெண்ணின் அழுக்குச் சேலையைத் துவைக்க எடுப்பதற்குக்கூட "எடுத்துக்கிடட்டுமா தாயி?" என்று கேட்டுவிட்டு நிற்பாள்.

அடுத்த மாம்பழக் காலத்திலும் வத்திராயிருப்பிலிருந்து கூடை கிளம்பியது. சேத்தூரில், ஜெயபாயைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு.