பட்டறையில் முட்டிய நீலக்கோடு

எங்கள் ஊருணிக்கு மழைத்தண்ணீர் வருவது நின்று இரண்டு வருடமாகியிருந்தது. ஊருணி வற்றியதும் கிணறுகளும் வற்றின. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். காரணம் தோப்புக்காரர்தான் என்று அப்பா கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் தோப்புக்கு வேலி போட்ட வருடம்தான் தண்ணீர் நின்றது. அப்பாவுக்கு அது போதும். தச்சு வேலை செய்பவர், எதையும் ஓங்கி அடித்தே பழகியவர். வேலியைப் பிடுங்கச் சொல்லி மனு எழுதினார். ஊரே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஆறாம் வகுப்பில் எங்களை, ஊருக்கு மழைநீர் வரும் வழியை வரைபடமாக வரைந்து வரச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் செல்போனில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தார்கள். அதில் கூரை தெரியும், மரம் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. நான் கொத்தனாரான என் சித்தப்பாவைப் பிடித்தேன். அவரிடம் மட்டம் பார்க்கிற டியூப் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், எந்தப் பக்கம் பள்ளம் என்று தண்ணீரே காட்டிவிடும்.

சித்தப்பா அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்துகூடப் பேசமாட்டார். என்னிடம் மட்டும் வாயாடுவார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மேற்குப் பொட்டலில் தொடங்கிப் பள்ளம் போகும் வழியிலேயே நடந்தோம். அதிகாரம் முழுக்க என்னுடையது. "இங்குட்டு வாங்க சித்தப்பா, அங்குட்டு நில்லுங்க" என்று விரட்டினேன். தோப்பு வேலி வந்ததும், தண்ணீர் வழியென்று சார்ட்டில் வரைந்துகொண்டு வந்த நீலக்கோட்டை, அப்பா சொன்னபடி தோப்புக்குள் திருப்பப் போனேன்.

"இன்னொருக்கா பாரு ஆத்தா," என்றார் சித்தப்பா.

பார்த்தேன். தோப்பு மேடாக இருந்தது.

"அப்பா சொன்னாகன்னு தண்ணி மேட்டுல ஏறுமா?"

கோடு வேலியை ஒட்டி வளைந்து, தெருவைத் தாண்டி, எங்கள் கொல்லையில் இருந்த அப்பாவின் தச்சுப் பட்டறையில் போய் முட்டியது. பட்டறைக்கு அந்தப் பக்கம் பழைய கல் வாய்க்கால் முள்செடி மூடி ஊருணி வரை கிடந்தது. எனக்கு ஒரே பெருமை. எங்கள் வீடும் வரைபடத்தில் வந்துவிட்டதே!

மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் நாளில், மகளின் படத்தையும் ஊர் பார்க்கட்டும் என்று அப்பாவே சார்ட்டை விரித்துப் பிடித்தார். தோப்புக்காரரும் வந்திருந்தார். நான் ஸ்கேலால் காட்டிக்கொண்டே, "தண்ணி இப்பிடியே வந்து எங்க பட்டறைல முட்டி நிக்குது" என்றேன்.

தோப்புக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"மட்டம் சரியாப் பாத்தியா?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"மூணு தடவ பாத்தேன்ப்பா. சித்தப்பா விடவே இல்ல, பாரு பாருன்னாக."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். மனு மடங்கிச் சட்டைப்பைக்குள் போனது.

மறுவாரமே பட்டறைத் தரையை வெட்டிப் பெரிய சிமெண்ட் குழாய் பதித்தார்கள். ஐப்பசி மழையில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஊருணியில் விழுந்தபோது, தோப்புக்காரர் தேங்காய் உடைத்தார். அப்பா வெட்கமில்லாமல், "வழியக் கண்டுபிடிச்சது எம்மகதான்" என்று எல்லாரிடமும் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

அன்று மாலை சித்தப்பா என்னைச் செக்காலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் பால் பணியாரம் வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை, கண்கலங்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் நன்றாக வந்ததற்குப் பரிசு என்று நினைத்தேன். பட்டறை எழுந்ததும் வேலி போட்ட அதே வருடம்தான். அதற்கு அஸ்திவாரம் தோண்டியவர் சித்தப்பா. உள்ளே வாய்க்கால் கல் தட்டுப்பட்டும், அண்ணன் மூடச் சொன்னதால் வாய் திறக்காமல் மூடியவரும் அவரே. இரண்டு வருடமாக அவரால் சொல்ல முடியாததைத்தான் நான் ஸ்கேலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தேன். அது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. கிண்ணத்தை நீட்டி இன்னும் இரண்டு பணியாரம் கேட்டேன்.